பூட்டும் வெளியே, செருப்பும் வெளியே

வடாலா, பம்பாய்
16.6.1985

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கணேசபாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு முட்டுவலி தேவலையா?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் உடையாமல் வந்து சேர்ந்தது. அதோடு நீ மடித்து வைத்திருந்த பேங்க் பரீட்சை விளம்பரமும் வந்தது. மிட்டாயை அந்த விளம்பரத்தில் வைத்தே ஃபயர் ஸ்டேஷனில் எல்லோருக்கும் நீட்டினேன். ஆகவே இரண்டுமே பயன்பட்டன.

ஜனவரியில் எனக்கு லீடிங் ஃபயர்மேன் பரீட்சை. தேறினால், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போவதா வேண்டாமா என்று முடிவு சொல்கிற இடம் எனக்கு வரும். எங்கள் அதிகாரி பாட்கர் சாகேப், நீ தாராவியில் வளர்ந்தவன், மற்றவன் பார்க்காததைப் பார்ப்பாய் என்று தட்டிக் கொடுத்திருக்கிறார். உண்மைதானே? வாசலில் பூட்டுத் தொங்கினால் மற்றவர்களுக்கு அறை காலி. நமக்கு அப்படி இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவரைப் பகலில் யாரும் எழுப்பிவிடாதபடி உள்ளே வைத்துப் பூட்டுவது நம் சந்து வழக்கம். அப்பாவையே அப்படித்தானே பூட்டினோம். பூட்டும் வெளியே, செருப்பும் வெளியே என்றால் ஆள் உள்ளே.

பக்கத்து அறையில் ஸ்டவ் வெடித்த அன்று எல்லோரும் பூட்டைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். அப்பாவின் செருப்பை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு கூரை வழியாக வெளியே வந்தார். சாவியைத் தொலைத்த ஏழு வயதுப் பயல் கீழே நின்று அழுதுகொண்டிருந்தான். அந்தப் பயல்தான் இன்று இடுப்பில் கோடரியோடு திரிகிறான்.

அப்பாவின் இடது உள்ளங்கைத் தழும்பை நான் விசாரித்ததாகச் சொல். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

தம்பி,
கணேசபாண்டியன்

*

கோவில்பட்டி
30.6.1985

அன்புத் தம்பிக்கு அக்கா செண்பகவல்லி ஆசி சொல்லி எழுதிக்கொண்டது.

செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. பேங்க் விளம்பரத்துக்கு நீ செய்த மரியாதையும் தெரிந்தது. அடுத்த முறை எல்.ஐ.சி. விளம்பரத்தை மிட்டாய்க்குள் வைத்தே பாகு காய்ச்சச் சொல்கிறேன், அப்போது தின்றுதானே ஆகவேண்டும்.

அத்தானுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் ஆடிக்கு முன்னால் ஏகப்பட்ட ஆர்டர். நம் குடும்பம் நல்ல குடும்பம். மாப்பிள்ளை தீயை டப்பாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறார், மச்சினன் அது போன இடமெல்லாம் தண்ணீரோடு ஓடுகிறான்.

அப்பா மில்லை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் காலை எட்டு மணிக்குப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார். ராத்திரி முழுக்க முழித்திருந்து, தெருவில் நடக்கிறவர்களை எல்லாம் யார் என்று கேட்கிறார். எங்கள் தெருவுக்குக் கூர்க்கா தேவையில்லை.

தழும்பை விசாரிக்கச் சொன்னாயே, அப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிறகு மறந்துவிட்டேன். மழையில் நனைந்த துணியோடு உட்காராதே. பரீட்சைக்கு நன்றாகப் படி.

அக்கா

*

வடாலா
21.8.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே நல்ல மழை. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று இரண்டு நாள் ரயில் இல்லை. வேலை அதிகம், அதனால் கார்டு போதும் என்று எழுதுகிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

க.பாண்டியன்

*

கோவில்பட்டி
5.9.1985

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று உன்னிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாய். நம் பழைய சந்து மீனாட்சியம்மாள் எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். சந்துப் பிள்ளைகள் எல்லாம் உன்னை "சப்பல்வாலா", அதாவது செருப்புக்காரன், என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு செருப்புப் பட்டறையை நீ கோடரியால் பிளந்தாயாம். உன் அதிகாரியின் தொப்பி சாக்கடையில் மிதந்ததாம். உனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். இதற்கெல்லாம் விசேஷம் என்று பெயர் இல்லாவிட்டால் வேறு எதற்கு?

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது ஆம்பிளைகள் வழக்கம். உனக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கவலையோடும், மன்னிக்கவும், கொஞ்சம் சிரிப்போடும்,
அக்கா

*

வடாலா
14.9.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மானம்தான் கொஞ்சம் நனைந்துவிட்டது. அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பகல் பதினோரு மணிக்குப் பழைய பிளாஸ்டிக் போட்டுவைக்கிற கோடவுனில் தீ. நானும் சிந்தே என்பவனும் ஒரு பைப்பைப் பிடித்திருந்தோம். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்தப் பைப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் பிடிக்க முடியும். இடது பக்கம் திரும்பினேன். தகரக் கதவு, அதில் பூட்டு. வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு. அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகு எனக்குத் தீ தெரியவில்லை, சிந்தே தெரியவில்லை, சத்தம்கூடக் கேட்கவில்லை. கண்ணில் அந்தப் பூட்டு மட்டும்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் பைப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

பைப் சிந்தேயைத் தூக்கி ஆட்டியது. முதல் சுற்றில் பாட்கர் சாகேப்பின் ஹெல்மெட் பறந்துபோய்ச் சாக்கடையில் மிதந்தது, இரண்டாம் சுற்றில் வேடிக்கை பார்த்த கூட்டம் குளித்தது. அதற்குள் தீ அடுத்த கூரைக்குத் தாவி, அங்கே கிடந்த பழைய டயரெல்லாம் எரிந்தது. நான் பூட்டை உடைத்து உள்ளே போய்த் தேடினேன். ஆள் இல்லை, கூரை வரைக்கும் செருப்பு. அது கலீலுல்லா பாயின் பட்டறை. மழை விட்டிருக்கிறதே என்று, பசை காய ஐந்து ஜோடியை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்.

திரும்பி வந்தவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, செருப்பு வேணும்னா கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றார். புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். பெயரும் அன்றைக்கே வைத்துவிட்டார்கள்.

மெமோ வந்தது. இன்னொன்று வந்தால் பரீட்சைப் பட்டியலில் என் பெயர் இருக்காது. நீ பார்த்தது தப்பில்லை, பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் போனதுதான் தப்பு என்று சாகேப் சொன்னார். நான் இனிமேல் பார்ப்பதாகவே இல்லை. பூட்டு இருந்தால் அறை காலி. எல்லோரும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். சாவியைத் தொலைத்தவனுக்கு ஊரில் உள்ள பூட்டெல்லாம் கண்ணில் படுகிறது, வேறென்ன.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி

*

கோவில்பட்டி
26.9.1985

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். ஹெல்மெட் மிதந்த இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். பூனை சேராமல் இருக்கலாம், உனக்கு அடுப்பங்கரைதானே உத்தியோகம்? நான் ஒன்று கேட்கிறேன். ஐந்து ஜோடிச் செருப்பைப் பார்த்தாயே, அதில் ஒன்றிலாவது பெருவிரல் தடம் இருந்ததா? புதுச் செருப்பு யார் காலையும் பார்த்திருக்காது. தேய்ந்த குதிகாலும் அழுக்குத் தடமும் இருந்தால்தான் அது ஆள் விட்டுவிட்டுப் போன செருப்பு. கல்யாண வீட்டில் புதுச் செருப்பைத் தொலைத்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். இன்னொன்று. நீ சின்ன வயசில் பம்பரத்தைப் பார்த்தால் பம்பரத்தை மட்டும்தான் பார்ப்பாய், பின்னால் வருகிற மாட்டைப் பார்க்கமாட்டாய். முதலில் கழுத்தைத் திருப்பு. பிறகு வாயைத் திற. அதற்கப்புறம் காலைத் தூக்கு.

சாவியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறாய். அந்த நாளில் நீ சின்னப் பிள்ளை. அது வந்து

பிள்ளைகள் மை பாட்டிலைத் தட்டிவிட்டார்கள், அதுதான் கறை. தீபாவளிக்கு லீவு கிடைக்குமா? மிட்டாய் அனுப்புகிறேன்.

அக்கா

*

வடாலா
24.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் மிட்டாயைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தீபாவளிக்கு எங்களுக்கு லீவு ஏது? ஊர் ராக்கெட் விடும், நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். ஒரே நாளில் பதினெட்டு இடம்.

நீ சொன்னதை முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது பைத்தியம் பிடித்துவிட்டது. லீவு நாளில் தாராவியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாசல்களைப் பார்க்கிறேன். தோல் பதனிடுகிறவர் செருப்பு ஓரம் சுருண்டிருக்கும். சாயப்பட்டறைக்காரன் செருப்பில் விரல் தடம் நீலமாக இருக்கும். ஒரு ஹவாய்ச் செருப்பில் தடம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. கேட்டால், கடையநல்லூர்க்காரர் காசிம். பாவ் ரொட்டி பேக்கரியில் ராத்திரி முழுக்க மைதா மாவில் நிற்கிறார். பகலில் தூக்கம். கூட இருக்கிற பையன்கள் அவரைப் பரணில் படுக்கவைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நம் அப்பாவின் கதையேதான்.

கலீலுல்லா பாய் என்னைப் பார்த்தால் உள்ளேயிருந்தே, "வாசல்ல இருக்கிறது புதுசு தம்பி, கோடரி வேண்டாம்" என்கிறார். ஸ்டேஷனிலும் பெயர் போகவில்லை. அடுத்த முறை ஒரு பூட்டைப் பார்த்தால் எனக்குக் கை வருமா என்று தெரியவில்லை, அக்கா. சிரிப்புக்குப் பயந்து நின்றுவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி

*

வடாலா
13.1.1986

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து. நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

நேற்று முன்தினம் பகல் இரண்டு மணிக்குத் துணிக்கழிவு கோடவுனில் தீ. சந்து முழுக்க ஆள். ஐந்து பாஷையில் ஐந்து பக்கம் கை காட்டினார்கள். நானும் சிந்தேயும் பைப்பை எடுத்துக்கொண்டு நுழையும்போதே கழுத்தைத் திருப்பினேன். மேலே கூரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். கீழே கரண்ட் வயர் எங்கே கிடக்கிறது, பின்னால் நாங்கள் திரும்பி ஓட வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். நான்காவதாகத்தான் அந்தக் கதவு தெரிந்தது.

பூட்டு. கீழே ஒரே ஒரு ஜோடி ஹவாய்ச் செருப்பு. தடம் வெள்ளை.

அக்கா, தெரிந்த பிறகும் நான் நின்றேன். நான்கு மூச்சு நின்றிருப்பேன். சப்பல்வாலா என்று யாரும் அப்போது சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. மெமோ ஞாபகம் வந்தது. காசிம் இன்றைக்கு வெளியே வேறு செருப்பில் போயிருக்கலாம் என்றுகூட என் மனசு சாக்குத் தேடியது. பிறகு அப்பாவின் செருப்பு ஞாபகம் வந்தது. பைப்பை விடாமலே சாகேப்பைக் கூப்பிட்டேன்.

"சாப், பூட்டு வெளிய, செருப்பும் வெளிய. செருப்புல மாவுத் தடம். பேக்கரி ஆளு உள்ள பரண்ல தூங்குதான். பைப்புக்கு ஒரு ஆளக் குடுங்க, நான் போறேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

அவர் செருப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ஜாவ். தோ மினட்" என்றார். போ, இரண்டே நிமிஷம் என்று அர்த்தம். ஒரு ஆள் வந்து பைப்பைப் பிடித்த பிறகுதான் கையை எடுத்தேன்.

இரண்டு அடியில் பூட்டு விழுந்தது. உள்ளே இடுப்புக்கு மேல் புகை. தவழ்ந்து போய்ப் பரணைத் தட்டினேன், பதில் இல்லை. காலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு மூட்டை மைதா கனம். வெளியே கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்ததும் ஐந்து நிமிஷம் இருமினார். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "என் செருப்பு எங்க பாய்?"

சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். நாங்கள் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் அந்தக் கூரை உட்கார்ந்துவிட்டது.

இருபது வருஷமாக அந்தச் சாவியைத் தேடிக்கொண்டே இருந்தேன் அக்கா. நிக்கர் பை கிழிந்திருக்கிறது என்று தெரிந்தும் அதில் போட்டுக்கொண்ட பயலை நான் மன்னித்ததே இல்லை. நேற்று முன்தினம் மன்னித்துவிட்டேன். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

உன் தம்பி

*

வடாலா
20.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? என் மேல் கோபமா? நீ இவ்வளவு நாள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பரீட்சையில் தேறிவிட்டேன். வாய்மொழித் தேர்வில், பூட்டிய கதவைக் கண்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கழுத்தைத் திருப்புவேன் என்றேன். பாட்கர் சாகேப் மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தார்.

உடனே பதில் போடு.

தம்பி

*

கோவில்பட்டி
1.3.1986

என் தம்பிக்கு,

எல்லோரும் நலம். எனக்கு மட்டும் ஐந்து வாரமாகச் சோறு சரியாக இறங்கவில்லை. நீ தேறியதற்கு அம்மன் சன்னதியில் விளக்குப் போட்டேன். போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். ஆறு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது.

நீ சாவியைத் தொலைக்கவில்லை. அது என்னிடம்தான் இருந்தது.

தினமும் நான்தான் பூட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? பூட்டிவிட்டு, சந்தில் விளையாடுகிற உன்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுப்பேன். அன்று நவராத்திரி. மாதுங்காவில் வீடு வீடாகக் கொலு பார்க்க என் பள்ளிக்கூடத் தோழி ஷ்யாமளா என்னைக் கூப்பிட்டிருந்தாள். அவசரத்தில் பூட்டிச் சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு ஓடிவிட்டேன். இங்கே அப்பா புகையில் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் மாதுங்காவில் நாலாவது வீட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் சந்து முழுக்கக் கூட்டம், அப்பா கையில் ரத்தம். அம்மா சாவி எங்கே என்று கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பையில் கையை விட்டுப் பார்த்து, ஓட்டையைக் காட்டி, தொலைத்துவிட்டேன் என்று அழுதாய். கொடுக்காததை வாங்கியதாக நினைத்துக்கொண்டாய். எனக்குப் பதினொரு வயசு. அடி விழும் என்று பயந்து பேசாமல் நின்றேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் என்பது வரவே இல்லை. நீ ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதும்போது நான் மிட்டாயைப் பற்றி எழுதினேன். செப்டம்பர் கடிதத்தில் மையை யாரும் கொட்டவில்லை, எழுதியதை நானேதான் அழித்தேன்.

பேங்க் விளம்பரமாக அனுப்பியதும் இதனால்தான். என் பொய்யால் நீ தீக்குள் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்திருப்பேன்.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு இடது உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. தெனமும் பூட்டுற சத்தம் கேக்கும், பொறவு 'இந்தால சாவி'ன்னு உன் சத்தம் கேக்கும். அதக் கேட்டுட்டுத்தான் கண்ணு சொக்கும். அன்னைக்குப் பூட்டுன சத்தம் கேட்டுச்சு, உன் சத்தம் கேக்கல. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். அவன் இத்தன வருசமா மனசுல வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே." அதற்குப் பிறகு அன்று பகல் முழுக்க அவர் தூங்கவே இல்லை.

பட்டன் டப்பாவில் இருபது வருஷமாகக் கிடந்த அந்தச் சாவியை மிட்டாய்ப் பார்சலின் அடியில் வைத்திருக்கிறேன். நீ இனி அக்கா என்று எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

செண்பகவல்லி

*

வடாலா
12.3.1986

அன்புள்ள அக்காவுக்கு, அக்காவுக்கு, அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா? நான் நலம். நீ முதலில் ஒழுங்காகச் சாப்பிடு.

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று டியூட்டி முடிந்து கடற்கரை வரைக்கும் நடந்தேன். நடக்க நடக்கச் சுண்டல்தான் கண் முன்னால் வந்தது. நான் அங்கே அழுதுகொண்டிருக்க நீ நாலு வீட்டில் தின்றிருக்கிறாய். அதை மட்டும் மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

மற்றதை யோசித்துப் பார்த்தேன். அன்றே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், நான் அதை மறந்துபோய் வளர்ந்திருப்பேன். உன் ஆசைப்படி எல்.ஐ.சி.யில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சந்துக்கு வேறு யாராவது போயிருப்பார்கள். பூட்டைப் பார்த்திருப்பார்கள். காசிம் உள்ளே தூங்கிக்கொண்டே இருந்திருப்பார்.

எங்கள் ஸ்டேஷனில் அப்பாவைத்தான் சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் வருகிற சத்தத்தைக் கேட்கிறோம். அவர் வராத சத்தத்தைக் கேட்டிருக்கிறார். என் கீழே வேலை பார்க்கிற நான்கு பேருக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.

கலீலுல்லா பாய் சந்தில் டீக்கடைச் சுவரில் பலகை அடித்து வரிசையாக ஆணி வைத்திருக்கிறார். பகலில் ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிறவர்கள் எல்லோரும் ரெண்டாவது சாவியை அங்கே மாட்டிவிட்டுப் போகவேண்டும். இதுவரை பதினான்கு சாவி. முதல் ஆணியில் உன் சாவியை மாட்டியிருக்கிறேன். அதற்குப் பூட்டு இல்லை என்று காசிம் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

அப்பாவைத் தூங்கச் சொல். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஜூனில் லீவுக்கு வருகிறேன்.

உன் தம்பி,
கணேசபாண்டியன்
லீடிங் ஃபயர்மேன்

பி.கு.: பார்சலில் பன்னிரண்டு மிட்டாய் என்று எழுதியிருந்தது. எண்ணினால் பத்துதான் இருந்தது. தின்றது யார் என்று உனக்கே தெரியும், அதையும் என் தலையில் போட்டுவிடாதே.